மடைக்கல்லில் இருந்த பெயர்

கோயில் கொடை விழா மேடையில் ஏறிப் பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. "உங்க ஊர்க் குளத்து மடையைக் கட்டினது யாருன்னு அந்த மடைக்கல்லுலயே எழுதியிருக்கு. அது ஒரு பொம்பள" என்று சொன்னேன். அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தபோது மைக்கில் சத்தம் வரவில்லை.

தட்டிப் பார்த்தேன். ஊதிப் பார்த்தேன். பந்தலின் குழல் விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. கோயில் முகப்பில் அம்மன் உருவமாகக் கட்டியிருந்த சீரியல் பல்புகள் சிவப்பும் பச்சையுமாக ஓடிக்கொண்டிருந்தன. கரண்ட் போகவில்லை. மைக் மட்டும்தான் போயிருந்தது.

மேடைக்குக் கீழே, ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில், விழாக் கமிட்டித் தலைவர் செல்லத்துரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மைக் செட்காரர் என் முகத்தைப் பார்க்காமல் தன் வயர்களைப் பார்த்தார்.

"மைக் ரிப்பேரும்மா. பேசுன மட்டும் போதும், எறங்கி வாங்க. அடுத்து வில்லுப்பாட்டுக்காரங்க காத்துக் கெடக்காங்க" என்றார் செல்லத்துரை.

நான் இறங்கவில்லை.

கூப்பிட்டால் போவோம்

போன வாரம் இந்தப் பத்தியில் மருந்தகச் சன்னலைப் பற்றி எழுதியதைப் படித்தவர்களுக்கு என்னைத் தெரியும். மற்றவர்களுக்காக: நான் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள். சங்கரன்கோவில் வட்டாரத்தில் என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'மாத்திரை கொடுக்கிற அம்மா' என்றால் தெரியும்.

ஓய்வுக்குப் பிறகு வீட்டில் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. ரத வீதிப் பக்கம் ஒரு சைக்கிள் கடை மாடியில் வட்டார வரலாற்று மன்றம் என்று பலகை தொங்கும். அதில் சேர்ந்தேன். மன்றம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓர் அறை, கடகடக்கிற ஒரு மின்விசிறி, கீழேயிருந்து வரும் கிரீஸ் வாசனை. கூட்டம் என்றால் நாங்கள் நாலைந்து பேர்.

மன்றத்தின் தலைவர் காதர் அண்ணாச்சி. சவூதியில் சர்வேயராக வேலை பார்த்துவிட்டுக் கடையநல்லூருக்குத் திரும்பியவர். கல்வெட்டு வாசிக்கும் பயிற்சி வகுப்பில் நானும் அவரும் அடுத்தடுத்த பெஞ்சு. வகுப்பில் அவர் எழுத்தைத் தப்பாகப் படிப்பார், நான் திருத்துவேன். நான் அளவைத் தப்பாக எடுப்பேன்; அவர் திருத்துவார். அப்படித்தான் சிநேகிதம்.

யார் கூப்பிட்டாலும் போய்ப் பேசுவோம். விசைத்தறிக்காரர் சங்கம், மகளிர் குழு, ஜமாஅத், காலையில் நடக்கிறவர்கள் சங்கம், கோயில் கொடை என்று கணக்கில்லை. அந்தந்த ஊரில் இருக்கும் கல், குளம், சாவடி, பழைய பாதை இவற்றைப் பார்த்துவிட்டு, பார்த்ததை அந்த ஊர்க்காரர்களிடமே சொல்வது எங்கள் வேலை.

எங்களுக்கு ஒரே ஒரு விதிதான். இருப்பதைச் சொல்ல வேண்டும்; தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். முதலாவதைவிட இரண்டாவது கஷ்டம்.

புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரிகள் ஒருமுறை கூப்பிட்டார்கள். ஏலம் முடிந்த கமிஷன் கடையில், சாக்கு மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டிருந்தார்கள். நசுங்கின பழத்தின் வாசனை கண்ணில் எரிந்தது. ஒரு வியாபாரி எழுந்து, "எங்க ஊருக்கு எலுமிச்ச எப்பம்மா வந்துச்சு?" என்று கேட்டார்.

"தெரியலையே" என்றேன்.

"தெரியலன்னு சொல்லவா பஸ் ஏறி வந்திய?"

கடை முழுக்கச் சிரிப்பு. காதர் அண்ணாச்சி மெதுவாக எழுந்தார். "தெரியலன்னு சொல்லுததுக்குத்தான்யா நேர்ல வரணும். தெரிஞ்ச மாதிரி அளந்துவிட வாட்ஸ்அப்பே போதும்லா" என்றார். இப்போது சிரிப்பு அந்த வியாபாரி பக்கம் திரும்பியது.

எந்த ஊரில் பேசி முடித்தாலும் கடைசியில் ஒருவர் தயங்கித் தயங்கி வருவார். பாண்டியர் காலத்தைப் பற்றிச் சந்தேகம் கேட்கப் போகிறார் என்று நிமிர்ந்து உட்காருவேன். "சுகர் மாத்திரையச் சாப்பாட்டுக்கு முந்தியா பிந்தியாம்மா போடணும்?" என்பார். அதற்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

வளைவுக்கு ஒரு சாட்சி

செல்லத்துரையின் ஊர் மேலநீலிதநல்லூர்ப் பக்கம். ஊர்ப் பெயர் வேண்டாம். சோளமும் உளுந்தும் போடுகிற பூமி. மழை பார்த்து விதைக்கிற ஊர். அவர் டிராக்டர் வைத்திருந்தார். பேச்சில் மரியாதை குறையாத மனிதர். மன்றத்துக்கு நேரில் வந்து, தாம்பூலம் வைத்து அழைத்தார்.

"எங்க ஊர்க் குளம் எங்க முப்பாட்டன் வெட்டினதும்மா. குளத்தங்கரையில அவுக பேருக்கு ஒரு நினைவு வளைவு கட்டப் போறோம். கொடையன்னைக்கி நீங்க மேடையில வரலாற்றச் சொன்னியன்னா வீடியோ எடுத்து வச்சிக்கிடுவோம். நாளப்பின்ன யாரும் கேள்வி கேக்க முடியாதுல்லா" என்றார்.

யார் என்ன கேள்வி கேட்கப் போகிறார்கள் என்பது அந்த ஊருக்குப் போன பிறகுதான் தெரிந்தது. குளத்தின் மேற்கே கல் பாவிய படித்துறை உண்டு. அதில் மேலத்தெருக்காரர்கள் மட்டும்தான் இறங்குவார்கள். கீழத்தெருப் பெண்கள் சுற்றிக்கொண்டு போய், எருமை இறங்குகிற சரிவில் துணி துவைக்க வேண்டும். ஏன் என்று கேட்டால், 'வெட்டினது எங்க பாட்டன்' என்பது பதில். அந்தப் பதிலுக்குத்தான் வளைவு. அந்த வளைவுக்குத்தான் என் வாய்.

பங்குனி வெயிலில் காதர் அண்ணாச்சியும் நானும் குளத்துக்குள் இறங்கினோம். தண்ணீர் வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையில், குளத்துக்கு உட்பக்கமாக இரண்டு கல்தூண்கள் நிற்கும். அதில் ஒன்றில் பாசி காய்ந்து ஒட்டியிருந்தது. அண்ணாச்சி தேங்காய் நார் பிரஷ்ஷால் தேய்க்க, நான் பாட்டில் தண்ணீரை ஊற்றினேன். சாய்ந்த வெயிலில் எழுத்து எழும்பி வந்தது.

'இம்மடை செய்வித்தாள் பூவன் நங்கை.'

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டினார். "செய்வித்தான்னு இருக்குமோ தங்கச்சி?"

"இல்ல அண்ணாச்சி. 'ள்'தான். தடவிப் பாருங்க."

அவர் விரலை வைத்துப் பார்த்தார். நானும் வைத்தேன். கல் அடுப்பில் இருந்து எடுத்த தோசைக்கல் மாதிரி சுட்டது. விரலை எடுக்க மனம் வரவில்லை. எங்கள் வட்டாரத்தில் எத்தனையோ கல் பார்த்திருக்கிறேன். தன் பெயரில் ஒரு மடையைச் செய்வித்த பெண்ணை நான் சந்தித்தது அன்றைக்குத்தான்.

செல்லத்துரையிடம் அன்றே சொன்னோம். குளிர்ந்த பதநீர் கொடுத்து உபசரித்தவர், கேட்டதும் சொம்பைக் கீழே வைத்தார்.

"கல்லு அது பாட்டுக்குக் கெடக்கட்டும்மா. மேடையில எங்க பாட்டன் பேரச் சொல்லுங்க."

"உங்க பாட்டனார் குளத்துக்கு ஏதாவது செஞ்சதுக்கு ஆதாரம் இருந்தாக் காட்டுங்க. அதையும் சொல்லுதேன். ஆனா கல்லுல இருக்கிறத விட மாட்டேன்."

"ஊரே சொல்லுதே, அது ஆதாரம் இல்லையா?"

"ஊரே சொல்லுதுன்னு சொல்லுதேன். கல்லு வேற சொல்லுதுன்னும் சொல்லுவேன்."

அவர் சிரித்தார். "மேடைக்கு வாங்க. கூட்டத்தப் பாத்தா நீங்களே மாத்திப் பேசுவிய" என்றார். என்னை அவருக்குத் தெரியவில்லை.

மருந்தகத் தொண்டை

மைக் செத்த மேடைக்கு வருகிறேன்.

செல்லத்துரை இறங்கச் சொன்னார். நான் மைக்கை ஸ்டாண்டில் இருந்து எடுத்து, மேடையில் இருந்த நாற்காலியில் வைத்தேன். மேடையின் விளிம்புக்கு வந்து நின்றேன்.

என் பணிக்காலம் முழுக்க ஒரு சின்னச் சன்னலுக்குப் பின்னால் நின்று, ஆஸ்பத்திரி வராந்தாவின் கடைசியில் இருப்பவருக்கும் கேட்கிற மாதிரி பெயர் கூப்பிட்டவள் நான். அழுகிற குழந்தைகள், சண்டை போடுகிற வரிசை, வெளியே ஆம்புலன்ஸ் சத்தம், எல்லாவற்றையும் தாண்டிக் கூப்பிட்ட தொண்டை. அதற்கு மைக் தேவையில்லை.

"பேரு பூவன் நங்கை" என்றேன். "இந்த மடையைக் கட்ட வச்சவ அவதான். குளத்த வெட்டினது யாருன்னு எனக்குத் தெரியாது. கல்லுல இல்ல. மடை யாருதுன்னு கல்லுல இருக்கு."

முன்வரிசை நாற்காலிகளில் சலசலப்பு. ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். இன்னொருவர், "ஏம்மா, எங்க கோயில் மேடையில நின்னுக்கிட்டு எங்களையே பேசுதியளா?" என்றார்.

"நீங்க கூப்பிட்டுத்தான் வந்தேன். வரலாறு சொல்லக் கூப்பிட்டிய. சொல்லுதேன்."

பந்தலுக்கு வெளியே, வெளிச்சம் முடிகிற இடத்தில், கீழத்தெருப் பெண்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி பந்தக்கால் வரைக்கும் வந்தாள். முப்பத்தைந்து, நாற்பது வயது இருக்கும். "யக்கா, அவ பேர இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

அவள் பெயர் மாரியம்மாள் என்று பிறகு தெரிந்தது.

"பூவன் நங்கை."

அவள் அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்தது உதட்டில் தெரிந்தது.

செல்லத்துரை மேளக்காரர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவர்கள் தயங்கினார்கள். மறுபடி ஆட்டினார். தவிலும் உறுமியும் ஒரே நேரத்தில் கிளம்பின. அதற்கு மேல் என் தொண்டையும் எடுபடவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியிருந்தேன். அம்மனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அவசரப்படாமல் படியில் இறங்கினேன்.

திரும்பும் வழியில் காதர் அண்ணாச்சி பைக்கை ஓட்டியபடியே, "தங்கச்சி, இனி இந்த ரோட்டுல நமக்கு ஒரு டீ கெடைக்காது" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "கெடைக்காட்டிப் போகுது" என்றார்.

எங்களுக்கும் சொல்ல மாட்டியளா

டீ மட்டுமல்ல, பல விஷயங்கள் கிடைக்காமல் போயின. பேச்சுக்குச் சொல்லியிருந்த இரண்டு மூன்று ஊர்களில் இருந்து, 'இப்ப வேண்டாம்மா, பெறகு சொல்லி விடுதோம்' என்று போன் வந்தது. மாடி அறையைக் காலி செய்யச் சொல்லி உரிமையாளர் ஜாடையாகச் சொன்னார். பெயர் சொல்லாத ஒருவர் போனில், "ரிட்டயர் ஆனா பேரப்பிள்ளையப் பாக்க வேண்டியதுதான. பொம்பளைக்கு எதுக்கு இந்தச் சோலி?" என்று கேட்டார். "சுகர், பிரஷர் ஏதாவது இருக்கா உங்களுக்கு? குரல் படபடன்னு வருது, செக் பண்ணிக்கிடுங்க" என்று சொல்லி வைத்தேன். உண்மையாகவே அக்கறையோடுதான் சொன்னேன்.

மன்றத்துக் கூட்டத்தில், அந்த ஊருக்கு ஒரு வருத்தம் தெரிவித்துவிட்டால் முடிந்துவிடும் என்று பேச்சு வந்தது. "எதுக்கு வருத்தம்? படிச்சதுல எழுத்துப் பிழை இருந்தாச் சொல்லுங்க, நானே மேடையில ஏறிக் கேக்கேன்" என்றேன். யாரும் பிழை சொல்லவில்லை. காதர் அண்ணாச்சி மின்விசிறியைப் பார்த்தபடி, "அடுத்த பேச்சு எங்க?" என்று கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கொடை முடிந்த சூட்டோடு மடைக்கல்லுக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. கோயிலுக்கு அடித்த சுண்ணாம்பு மிச்சம் இருந்ததாம்.

அதற்குப் பின் ஒரு வெள்ளிக்கிழமை மாரியம்மாள் பஸ் ஏறி மன்றத்துக்கு வந்தாள். மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள்ளேயே விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"யக்கா, அந்தப் பூவன் நங்கை எங்க ஆளுதான்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. மேலப் படித்துறையில எறங்க எங்களுக்கு அது போதும்."

கீழே சைக்கிளுக்குக் காற்று அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் கண்ணைப் பார்த்துச் சொல்வது சுலபமாக இல்லை.

"அவ எந்தத் தெரு, எந்த ஆளுன்னு கல்லுல இல்ல மாரியம்மா. எனக்குத் தெரியாது."

"அவுக இல்லாதத நூறு சொல்லுதாவ. நீங்க எங்களுக்காவ ஒண்ணு சொல்லக் கூடாதா?"

"அந்த ஒண்ணச் சொன்னா, இருக்கிறதும் பொய்யாப் போயிரும். செல்லத்துரைக்கு நான் மாத்திச் சொல்லல. உனக்கும் மாத்திச் சொல்ல முடியாது. படித்துறையில எறங்க நீ யாருக்கும் பேத்தியா இருக்க வேண்டியதில்ல. அது ஊர்க்குளம். அத நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்லுதேன்."

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். "அவுகளுக்கும் மாட்டேங்கிய, எங்களுக்கும் மாட்டேங்கிய. பெறகு யாருக்குத்தான் பேசுதிய?"

அவள் போன பிறகு, வாங்கி வைத்த டீ ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடந்தது. மேலத்தெருவின் கோபம் என்னை ஒன்றும் செய்யவில்லை. இவளுடைய கோபம் செய்தது. இருந்தாலும், மறுபடி கேட்டிருந்தால் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

குளத்துக்குள் ஒரு கூட்டம்

ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் போன் வந்தது.

"யக்கா, மாரியம்மாள் பேசுதேன். அவ எங்க ஆளான்னு கேக்கதுக்குக் கூப்பிடல. குளத்துல நூறு நாள் வேல நடக்கு. மடைக்கிட்ட மண்ணு வெட்டும்போது கல்லுல கீழ இன்னும் எழுத்து வருது. வாங்க."

எங்களுக்கு அப்போது அழைப்பு என்று வந்தது அது ஒன்றுதான். காதர் அண்ணாச்சி பைக்கை எடுத்தார்.

குளத்துக்குள் அறுபது எழுபது பெண்கள் இருப்பார்கள். சேலைக்கு மேல் புருஷன்மாரின் முழுக்கைச் சட்டை, தலையில் சும்மாடு, கையில் மண்வெட்டியும் சட்டியும். மடைக்கல்லைப் பார்த்ததும் அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். யாரோ ஈரத்துணியால் கல்லைத் துடைத்திருந்தார்கள். மேலே அடித்த சுண்ணாம்பு போய்விட்டது. எழுத்தின் பள்ளத்துக்குள் போன சுண்ணாம்பு அங்கேயே தங்கிவிட்டது. கறுப்புக் கல்லில் வெள்ளை எழுத்து. 'இம்மடை செய்வித்தாள் பூவன் நங்கை' என்பது கரையில் நின்றே தெரிந்தது. எழுத்துத் தெரிய நாங்கள் மாவு தடவிப் படிக்க வேண்டியதை மேலத்தெருக்காரர்களே வெள்ளை அடித்து எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

கீழ்வரி இத்தனை காலம் மண்ணுக்குள் இருந்தது. அடியில் ஊற்று கசிந்து சகதியாக இருந்தது. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் விட்டுத் துடைத்து, குனிந்து, விரலால் தடவித் தடவி எழுத்துக் கூட்டினேன். முதுகு விட்டுப் போனது. படித்து முடித்தபோது உடனே நிமிர முடியவில்லை. அதற்குக் காரணம் முதுகு மட்டுமல்ல.

தூக்குவாளியைத் திறந்து கஞ்சி குடிக்கிற நேரம். பெண்கள் மடையைச் சுற்றிக் கரைச் சரிவில் உட்கார்ந்தார்கள். "அன்னைக்கி மேளம் அடிச்சி நிப்பாட்டிட்டாவ. இப்பம் பேசுங்கக்கா" என்றாள் மாரியம்மாள். குரலில் இன்னும் கோபம் மிச்சம் இருந்தது.

பேச ஆரம்பித்தேன். மேல்வரியை வாசித்துப் பொருள் சொல்லிக்கொண்டிருக்கும்போது கரைமேல் பைக் சத்தம் கேட்டது. செல்லத்துரை. யாரோ போன் பண்ணியிருக்க வேண்டும். வண்டியை நிறுத்திவிட்டுக் கரையிலேயே நின்றார். அவருக்குப் பின்னால் வளைவுக்குத் தோண்டிய குழிகள் அப்படியே கிடந்தன. வீடியோ இல்லாமல் அந்த வேலை நின்றுபோயிருந்தது.

ஒரு பெண்ணும் எழுந்திருக்கவில்லை. கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்கள் குடித்துக்கொண்டே இருந்தார்கள்.

அவர் கல்லை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "எங்காளு பேரு அதுல எங்கனயுமே இல்லையா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் வம்பு இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"இல்ல. நல்லாப் பாத்துட்டேன்."

அவர் முகம் இறுகியது. மண் குவியலைக் காலால் தட்டினார். "நல்லா வாசிங்க. அடுத்த மழையில மண்ணு வந்து மூடத்தான் போவுது. பெறகு யாரு கண்டா?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மாரியம்மாள் தூக்குவாளியை மூடிக் கீழே வைத்தாள்.

"அடுத்த மழைக்கும் மண்ணு வெட்டப் போறது நாங்கதான் மொதலாளி. குளம் பெருகினதும் மேலப் படித்துறையிலதான் எறங்குவோம். இப்பவே சொல்லிட்டோம்."

சொன்னபடி ஐப்பசியில் இறங்கினார்கள். ஊரில் கொஞ்ச நாள் சத்தமும் சண்டையுமாக இருந்தது. காவல் நிலையம் வரை போனது. ஆனால் இறங்கின ஒருத்தியும் கரை ஏறவில்லை. இன்றைக்கும் அங்கேதான் துவைக்கிறார்கள்.

மாரியம்மாள் அப்படிச் சொன்ன அன்று செல்லத்துரை கரையிலேயே நின்றார். வண்டியை எடுக்கவில்லை.

"கீழ என்னக்கா எழுதியிருக்கு?" என்று ஒருத்தி கேட்டாள்.

கல்லில் கையை வைத்துக்கொண்டு வாசித்தேன். 'இத்தன்மம் காத்தார் பாதம் என் தலை மேலன.'

"அப்படின்னா?"

"இந்த மடையக் காப்பாத்தி வைக்கிறவங்க யாரோ, அவங்க காலு என் தலைமேலன்னு பூவன் நங்கை சொல்லுதா."

முழங்கால் வரைக்கும் சகதி அப்பிய கால்களோடு அவர்கள் அந்த வெள்ளை எழுத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.